யானையைக் கொடுத்த ஆட்டம்

சிரிப்பு வரும், கொஞ்சம் பொறுங்கள். முதலில் யானை வெட்டுப்பட வேண்டும்.

இரண்டு மேதைகள் என்றோ ஆடிய ஆட்டத்தை, பனியில் மிதந்த பலகைமேல் சதுரங்கக் காய்கள் திரும்ப ஆடிப் பார்த்தன. வெட்டுப்பட்டால் இருட்டுப் பெட்டிதான். வெள்ளை யானைக்கு அதை நினைத்தாலே நடுக்கம்.

"இங்கே நான் என்ன செய்தேனாம்?" என்றது யானை.

பின்னாலிருந்து, அன்று வெள்ளைக் காய்களை ஆடிய மேதையின் குரல் கேட்டது: "மூலைக்குப் போ கண்ணு. அந்த ஆட்டம் உன்னாலேதான் பேர் வாங்கிச்சு."

யானை பூரித்து நகர்ந்தது. கறுப்பு மந்திரி தன் ராஜாவின் காவலை விட்டு வந்து அதை வெட்டியது. உடனே வெள்ளைக் குதிரை தாவி, காவலில்லாத ராஜாவை மடக்கியது.

பெட்டிக்குள் கிடந்த யானைக்கு, மேலே பலகையிலிருந்து மேதையின் குரல் கேட்டது: "அடடா, என்ன தியாகம்!" கூடவே நீளமாக ஒரு கனைப்பு.

"தொண்டை கட்டிக்கிச்சு போல, பாவம்" என்று யானை உருகியது.

மறுபடியும் கனைப்பு.

"டேய் குதிரை... நீயாடா!"