ஆறாவது நாடு

டைப்ரைட்டர் சத்தம் நின்றதும் அரங்கநாதனுக்கு மூச்சே நின்றுவிட்டது. லீவுக்குச் செஞ்சி வீட்டுக்கு வந்து இரவல் வாங்கிய மிஷின். திங்கட்கிழமை தபாலில் சேர்க்க வேண்டிய கட்டுரை. இன்னும் ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி.

"மிஷினு நல்லாத்தான் இருக்குதுண்ணா," என்றாள் தங்கை ஜானகி. அதே பக்கத்தை மூன்று தடவை தப்பாக அடித்துக் கசக்கிப் போட்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. நாலு நாளாக அடித்த அலுப்பு என்று நினைத்துக்கொண்டான்.

அலுப்பைப் பார்த்தால் ஆகுமா? மெட்ராஸ் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திக்கொண்டே, கல்யாணத்தைக்கூடத் தள்ளிப் போட்டுவிட்டு, எட்டு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவன். நேற்றுவரை அடித்துக்கொண்டு செத்த நாடுகள் ஆறும் ஐரோப்பியப் பொதுச் சந்தை என்று எப்படி ஒன்று சேர்ந்தன என்பது விஷயம். செஞ்சி பஜார் மளிகைக் கடைக்காரர் மகனுக்கு இது எதற்கு என்று ஊரே சிரித்தது.

இப்போது, இந்த அறுபத்து நாலில், பெல்ஜியத்தில் ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு கூப்பிடுகிறது. வயது வரம்பு முப்பத்தைந்து. வருகிற ஆவணியோடு அவனுக்கு அது தாண்டிவிடும். இதை விட்டால் ரிட்டயராகிற வரை அட்டெண்டன்ஸ் எடுக்க வேண்டியதுதான்.

ஜானகி புதுத் தாளைச் சொருகினாள். "ஏண்ணா, இந்த லக்சம்பர்க் இத்தினூண்டு நாடு. அது வேணாம்னா மத்த அஞ்சும் விட்டுடுமா?"

எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள் இதையெல்லாம் கேட்கிறாளே என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது. நம் தென்னாற்காடு ஜில்லாவில் கால்வாசிதான் அந்த நாடு, ஆனாலும் முக்கியமான முடிவென்றால் ஆறும் சம்மதித்தாக வேண்டும் என்று விளக்கினான்.

"அஞ்சு பேரு சேர்ந்து ஒருத்தர அமுக்கினா அது ஜனநாயகமே இல்ல ஜானகி. என் ஆராய்ச்சியே அதான்."

அவள் தட்ட ஆரம்பித்தாள்.

கட்டுரை மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது. பாஸ்போர்ட்டுக்குச் சொத்துள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா சொக்கலிங்கத்தின் கடையோ வாடகைக் கடை. பஜாரில் ஒரு படி விடாமல் ஏறி இறங்கிவிட்டான். எல்லாரும் காபி கொடுத்தார்கள், கையெழுத்துக் கொடுக்கவில்லை.

கடைசியில் அவலூர்பேட்டை மண்டிக்காரர் தனகோட்டி சரி என்றார், ஜானகியைத் தனக்குக் கட்டிக்கொடுத்தால்.

அவருக்கு நாற்பத்து நாலு வயது. முதல் தாரம் செத்து ஆறு மாதம் ஆகவில்லை. மூத்த மகளுக்கும் ஜானகிக்கும் ஒரே வயது. அரங்கநாதனுக்கு நெஞ்சு குத்தத்தான் செய்தது. ஆனால் பெல்ஜியம் இன்னொரு தடவை கூப்பிடாது.

அன்றைக்குப் பதினோரு மணி பஸ்ஸில் தனகோட்டி வந்து, பதிலுக்காகக் கடையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். அப்பாவே முடிவைச் சொல்லியிருப்பார். அரங்கநாதன்தான் ஒவ்வொருவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றான். நாளைக்குப் பழி தன் ஒருவன் தலையில் விழக் கூடாதே.

அப்பா சரி என்றார். சித்தப்பா சரி என்றார். சித்தி தலையாட்டினாள். அம்மா ஞானம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "உனக்கு நல்லதுன்னா சரிப்பா," என்றாள்.

"எனக்கும் சரிதான் நைனா," என்றான் அரங்கநாதன், யாரையும் பார்க்காமல்.

"அப்ப அஞ்சு பேரு ஆச்சு. போயி அவர இட்டுனு வர்றேன்," என்று சொக்கலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

உள்ளே டைப்ரைட்டர் சத்தம் நின்றது. ஜானகி வந்து கடைசிப் பக்கத்தை அண்ணன் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

"லக்சம்பர்க் வேணாங்குதுண்ணா."