நூறாவது டப்பா

சேலத்து தோமினிக் பழைய கிராமபோன் ஊசி டப்பாக்களைச் சேர்ப்பவர். “தொண்ணூத்தொன்பது இருக்கு. மயில் படம் போட்டது ஒண்ணுதான் கிடைக்கல. அதைக் கொண்டு வா, அப்புறம் என் மக வினோலியாவைப் பொண்ணு கேளு” என்று ஜூடிடம் சொல்லியிருந்தார்.

இரண்டு வருடம் பழைய சாமான் கடைகளில் தும்மித் தீர்த்த ஜூட், கடைசியில் துப்புக் கிடைத்து, வெண்ணந்தூரில் ஆராயி என்ற பெண்ணின் வீட்டு அலமாரியில் அந்த மயிலைக் கண்டான்.

“அக்கா, என் உசுரே அந்த டப்பாவுலதாங்க இருக்கு. குடுத்துருங்க!” காலில் விழாத குறை.

“என்னுது இல்லீங்க சாமி. சேலத்துக்காரரு ஒருத்தரு, யாரு கண்ணுலயும் காட்டாம வெச்சிருங்கன்னு குடுத்துட்டுப் போனாரு. ஞாயித்துக்கெழம அவரு பொண்ணுக்கு நிச்சயமாம், அது முடிஞ்சதும் எடுத்துக்கறேன்னாருங்க. திங்கக்கெழம வாங்க, நானே சொல்லி வாங்கித் தாரேன்.”