காலணாவின் கறுப்பு

"நாளைக்குப் பழங்காசு வியாபாரியோட லென்சு என்னைப் பார்த்து விலை சொல்லப் போகுது. இந்தக் கறுப்போட அது முன்னால போய் நிக்க மாட்டேன்," என்றது பழைய செப்புக் காலணா.

சமையல்கட்டுப் புளி தயங்கியது. "நான் குத்துவிளக்கு தேய்க்கிறவன். உன் மேல அடிச்ச வருஷம் இருக்கே, அழிஞ்சிடப் போகுது."

"நீ கரைஞ்சே போனாலும் பரவாயில்லை. தேய்."

புளி தேய்த்தது. காலணா இப்போதுதான் அடித்த காசு மாதிரி மின்னியது.

மறுநாள் லென்சு முன்னும் பின்னும் பார்த்தது. "வருஷமும் தெரியலை, பழைய கறுப்பும் போச்சு. அதுக்குத்தான் விலையே. இனிமே செம்பு எடைக்குத்தான் போகும்," என்று சொல்லிவிட்டுப் போனது.

காலணா புளியிடம் திரும்பியது. "ஓரத்துல இன்னும் கறுப்பு இருக்கு பாரு. அதான் விலை போகலை. தேய்."