இரண்டாம் படி

வளையல் போட்ட கையை வயிற்றின்மேல் வைத்து மெல்லக் குலுக்கினாள்.

ஒன்றும் இல்லை.

மறுபடி குலுக்கினாள். காது இருக்கிற பிள்ளைதானே, கேட்காமலா போகும்.

நேற்றுக் காலை தீவு ஆடியதிலிருந்து உள்ளே அசைவே இல்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் அவளைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. கடல் ஏறி வந்துவிடும் என்று பயந்து மேட்டுக்கு வந்த ஊர். இன்றைக்கு வந்த படகு அரிசி கொண்டுவந்தது, போர்வை கொண்டுவந்தது, டாக்டரைக் கொண்டுவரவில்லை. மூட்டை இறக்கி முடித்ததும் அதே படகில் அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவதாகப் பேச்சு. புருஷன் கீழே துறையில் இரண்டு ஆள் சுமையை ஒரே ஆளாகச் சுமந்துகொண்டிருந்தான். சீக்கிரம் இறக்கினால் சீக்கிரம் கிளம்பலாமே.

அந்தப் படகில்தான் பூகம்ப ஆபீசரும் வந்திருந்தார். மெட்ராஸ்காரர். தமிழ்க் குரல் கேட்டதும் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வீட்ல சாமான் ஏதாவது விழுந்துச்சாம்மா?"

"அலமாரியே விழுந்துச்சு சார்."

"சுவரு விரிசல் விட்டுச்சா?"

"சுவரே இல்ல சார் இப்ப."

அவர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

"ஆடும்போது எந்திரிச்சு நிக்க முடிஞ்சுதா?"

எங்கே நிற்பது. ஈரத்துணியை உதறுவதுபோலத் தரை அவளை உதறிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

பக்கத்து வீட்டு புத்னி தவழ்ந்தே வந்தாள். ராஞ்சிப் பக்கத்துக்காரி. ரோடு வேலைக்கு வந்து தீவிலேயே தங்கிவிட்டவள். தமிழில் எண்ணத் தெரியும், திட்டத் தெரியும், அவ்வளவுதான். தெரிந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே இவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போட்டாள்.

பின்னால் வீடு உட்கார்ந்துவிட்டது.

உயிர் இருந்தது. வளையல்தான் இல்லை.

வளைகாப்பு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று இரண்டு கையிலும் அடுக்கிவிட்டிருந்தார்கள். பேறுகாலம்வரை கழற்றக் கூடாது. புத்னியின் பிடியில் அத்தனையும் நொறுங்கிப் போயிற்று.

"சத்தம் நின்னு போச்சு, அதான் புள்ளயும் நின்னு போச்சு" என்று நேற்றெல்லாம் இவள் சொல்லிச் சொல்லி அழுதாள்.

என்ன பைத்தியக்காரத்தனம் என்று யாரும் கேட்கவில்லை.

புத்னிக்கு வளைகாப்பு என்றால் என்னவென்றே தெரியாது. இருந்தாலும் தன் கையிலிருந்த சிவப்புக் கண்ணாடி வளையல்களைக் கழற்றினாள். இவளுடைய வீங்கிய கையில் சோப்பு நுரை தடவி ஒவ்வொன்றாக ஏற்றினாள். அதைப் பார்த்து ஒரு வங்காளத்து அம்மாள் பச்சையைக் கழற்றினாள். தெலுங்குக்காரி ஒருத்தி மஞ்சள். பள்ளிக்கூட டீச்சர் தேடிப் பிடித்து பிளாஸ்டிக் வளையல் ஒன்றைக் கொண்டுவந்தார். அது சத்தம் போடாது என்று புத்னி திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மாற்றிக் கட்டப் புடவைகூட இல்லாத பெண்கள். மிஞ்சிய வளையலையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்துவிட்டேன் என்று அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிள்ளை பிழைத்தாலும் சரி, பிழைக்காவிட்டாலும் சரி, இந்தக் கைகளை மறந்தால் எனக்குச் சோறு கிடைக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

நினைத்ததும் பயந்து, மறுபடி குலுக்கினாள்.

ஒன்றும் இல்லை.

பேசாமல் இருந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது. "ரேடியோல ஒம்பதுன்னாங்களே சார்" என்றாள்.

"அது பூகம்பத்தோட பலம்மா. எங்க இருந்து பாத்தாலும் அதுக்கு ஒரே நம்பர்தான். ஒம்பதெல்லாம் எப்பவாவது வர்றது. நான் கேக்கறது, இந்த ஊரு எவ்வளவு ஆடுச்சுன்னு. அதுக்குப் பன்னெண்டு படி இருக்கு. இங்க எட்டாவது படி வரும்னு நினைக்கிறேன்."

"முதல் படின்னா?"

"மெஷினுக்கு மட்டும் தெரியும். மனுஷங்களுக்குத் தெரியாது."

"ரெண்டு?"

"அசையாம உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் ரெண்டு பேருக்குத் தெரியும். மத்தவங்க இல்லவே இல்லைம்பாங்க."

கீழே படகு சங்கு ஊதிற்று. மூட்டை இறக்கியாகிவிட்டது. புருஷன் மேட்டில் ஓடி வருவது தெரிந்தது. அவளைத் தூக்கிவிட புத்னி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

அப்போது வளையல்கள் சிணுங்கின.

அவள் கையை ஆட்டவில்லை.

உள்ளங்கைக்கு அடியில் ஒரு சின்னக் குதிகால். நின்று, நிதானித்து, மறுபடி ஒரு உதை.

மறுபடி சிணுங்கல்.

ஆபீசர் சட்டென்று நிமிர்ந்து, வராந்தாவில் தொங்கிய பல்பைப் பார்த்தார். அது அப்படியே தொங்கியது. வாளித் தண்ணீரைப் பார்த்தார். சலனம் இல்லை.

"இப்ப ஆடுச்சாம்மா?"

ஆமென்று தலையை ஆட்டினாள். கண்ணீர் மூக்கோரமாக இறங்கிற்று, துடைக்கவில்லை. கையை எடுத்தால் போய்விடுமோ என்றிருந்தது.

"எனக்குத் தெரியலையே. எத்தனை பேருக்குத் தெரிஞ்சுது?"

"ரெண்டு பேருக்கு சார்."

அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு அவள் கை இருந்த இடத்தைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புத்னி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வெறுங்கையை வயிற்றில் அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

"மூணு" என்றாள்.