பைனாகுலரின் திருகு

காலையில் பல் துலக்கி, பிளாஸ்கில் டீ நிரப்பி, பறவை பார்க்கும் குழுவோடு ஏரிக்குப் போனேன். கழுத்தில் என் மனைவி நிவேதாவின் பைனாகுலர். அவள் கண்ணுக்கேற்ப அவள் திருகி வைத்தது. எனக்கு மங்கலாகத்தான் தெரியும். அவள் இறந்த ஐப்பசியிலிருந்து எல்லாப் பறவைகளையும் அப்படியே பார்த்தேன். இன்று பட்டைத்தலை வாத்துகள் இறங்கியதும் குழுத்தலைவர் அருளப்பன் அதை வாங்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி, வாத்தெல்லாம் எருமையாத் தெரியுது!" திருகிவிட்டுத் தந்தார். "இப்பப் பாருங்க."

ஒவ்வொரு இறகும் தெரிந்தது. அவர் சட்டையைப் பிடித்தேன். "எவ்வளவு திருகுனீங்க? பழைய இடத்துலயே வைங்க!"

"எந்த இடம்னு யாருக்குத் தெரியும்? கைய எடுங்க தம்பி."

எடுக்கவில்லை.

அந்த ஐப்பசியில், ஆஸ்பத்திரி வார்டு ஜன்னல் வழியே பருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், ஆபரேஷனுக்கு அழைத்ததும் இதைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். கடைசியாகச் சொன்னது இதுதான்: "திருகித் தொலைச்சிராதடா. வந்து பாக்கணும்."