காலியிடம்: முற்பகல் 11.30

உயர் அதிகாரிகளின் நாற்காலி ஒரு மணி நேரம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று அரசு முடிவெடுத்த பிறகு, நியமன ஆணைகள் மிக வேகமாக வரத் தொடங்கின. காலை பதினொரு மணிக்கு இயக்குநர் வத்சலா கோப்பில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோது, இம்மானுவேல் என்பவர் உள்ளே வந்து வணக்கம் சொல்லி ஓர் ஆணையை நீட்டினார். 'இயக்குநர் வத்சலா இன்று முற்பகல் 11.30 மணிக்குக் காலமானதால் ஏற்பட்ட காலியிடத்தில்' அவர் நியமிக்கப்பட்டிருந்தார்.

வத்சலா இரண்டு முறை படித்தார். "நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"ஆமாம் மேடம். எனக்கே சங்கடமா இருக்கு. பதினொன்றரைக்கு சார்ஜ் எடுத்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க" என்றார் இம்மானுவேல்.

வத்சலா செயலகத்துக்குப் போன் செய்தார். "இதுவரைக்கும் ஒரு ஆர்டர்கூடத் தப்பாப் போனதில்ல மேடம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார்கள்.

இம்மானுவேல் உட்கார மறுத்து, சுவர்க் கடிகாரம் கண்ணில் படாதபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

டபேதார் காத்தமுத்து பீரோவிலிருந்து சலவை செய்த வெள்ளைத் துண்டை எடுத்து வந்தார். அதிகாரி மாறும்போதெல்லாம் நாற்காலியின் முதுகில் கிடக்கும் துண்டை மாற்றுவது இருபத்தாறு வருடங்களாக அவர் வேலை. "கொஞ்சம் முன்னால குனிஞ்சுக்கோங்கம்மா" என்றார். வத்சலா மேஜைமீது குனிந்தார். உருவிய பழைய துண்டு முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. புதியதைச் சுருக்கமில்லாமல் விரித்து நீவிவிட்டு, "இப்ப சாய்ஞ்சுக்கலாம்மா" என்றார்.

வத்சலா நிமிரவில்லை.

இம்மானுவேல் அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரைக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.