இருபத்துநாலு கல்லு

"இருபத்துநாலு கல்லுக்கா! ஒண்ணக்கூட விட்டு வைக்கல!"

சேற்றில் நின்றபடி படகுக்குள் எட்டிப் பார்த்துக் கத்தினார் செம்பியன்.

அப்பா காலத்துப் பாய்மரப் படகு. தைப்பூசத்தன்று கடல்நீர் ஏறும் முழு ஓதத்தில் பிச்சாவரம் காட்டுக்குள் ஓட்டிப் போன செம்பியன், தண்ணீர் வற்றுவதைக் கவனிக்காமல் சேற்றில் செருகிவிட்டார். அமாவாசை ஓதத்தில் மல்லுக்கட்டிப் பார்த்தார். அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

இன்று மாசி மகம். ஒன்பதரைக்குத் தண்ணீர் உச்சத்துக்கு ஏறும். இன்றைக்கு விட்டால் அடுத்த அமாவாசைதான்.

அக்கா ராஜாமணியோ திங்கட்கிழமை மகனோடு கனடா போகிறாள். அறுபத்தெட்டு வயதில் போகிறவள் திரும்பி வருவது சந்தேகம். "அப்பா படகுல ஒரே ஒரு தடவ முகத்துவாரம் வரைக்கும் கூட்டிட்டுப் போடா" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கல்லு போனா போவுது தம்பி, படகு இருக்குல்ல?" என்றாள், பக்கத்தில் நின்ற ஃபைபர் போட்டில் உட்கார்ந்தபடி.

"அடிப்பாரம் இல்லாம பாய் விரிச்சா கவுந்துடும்க்கா. 'எதை எடுத்தாலும் கல்லை மட்டும் எடுக்காதடா'ன்னு அப்பா எத்தினி வாட்டி சொல்லியிருக்காரு!"

மைத்துனன் கொளஞ்சி கை காட்டினான். "மாமா, அதோ அதுங்கிட்ட கேளுங்க."

மரத்து வேர்களுக்கு நடுவே, ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு கையால் இறால் துழாவிக்கொண்டிருந்தாள், ஐம்பதைத் தாண்டிய இறால்காரி இருசம்மாள்.

"ஏய்! இந்தப் படகுல இருந்த கல்லை எடுத்தது யாரு?"

பறியைக் கையில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "நான்தாங்க."

அவள் மறைக்காததே செம்பியனுக்கு இன்னும் எரிந்தது. "அடுப்புக்கு ஆவும்னு தூக்கிட்டியா? உன்னைய போலீஸ்ல புடிச்சுக் குடுத்தாத்தான் சரிப்படும்!"

"இல்லீங்க, வந்துங்க..."

"பேசாத! கிட்ட வராத!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ரிட்டையர்டு வாத்தியார் என்றாலும் செம்பியன் அதற்கு விலக்கில்லை.

"விடுடா. அப்பாவா இருந்தா இப்படிக் கத்த மாட்டாரு" என்றாள் ராஜாமணி. தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் பார்வை பழைய நாளுக்குப் போய்விட்டது. "ஒனக்கு ஞாபகம் இருக்கா? வெள்ளத்துல மாட்டின ஒரு புள்ளத்தாச்சிய இதே படகுல ஏத்திட்டு வந்தாரே அப்பா. கரை சேர்றதுக்குள்ள படகுலயே கொழந்த பொறந்துடுச்சு. நான்தான் என் தாவணியக் கிழிச்சுக் குடுத்தேன், சுத்தறதுக்கு."

"நீலத் தாவணிதான?"

"நீலமா, மஞ்சளாடா? அம்மா ஆசையா எடுத்துக் குடுத்தது. பாரு, கலரே மறந்துபோச்சு!"

அப்பாவும் அம்மாவும் அந்தப் படகில் வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது இருவருக்கும்.

"மாமா! மாமா!" கொளஞ்சி கூவினான். "நான் தள்ளவே இல்ல மாமா. அதுவா எழும்புது!"

ஒரு மாதமாக அசையாத படகு, தூங்கி எழுந்த மாடு மாதிரி ஒரு பக்கம் புரண்டு, நிமிர்ந்து, மிதந்தது. செம்பியன் சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த நொடி சிரிப்பு நின்றது. காலியாகக் கிடந்த அடித்தளத்தைப் பார்த்தார். பிறகு இருசம்மாளைப் பார்த்தார்.

"அத்தினி கல்லோட எப்படிங்க எழும்பும்?" என்றாள் அவள். "அமாவாசைக்கு நீங்க படுற பாட்டப் பாத்தேன். மறுநாள்லேர்ந்து தெனம் ரெண்டு கல்லா இந்தப் பறியில வச்சுத் தூக்கிப் போயி, அதோ அந்த வாய்க்கா மேட்டுல அடுக்கியிருக்கேன். ஆழத்துக்குப் போனதும் ஏத்திக்கங்க. எண்ணிப் பாத்துக்கங்க."

"சொல்லியிருக்கலாம்ல..." என்று இழுத்தார் செம்பியன்.

"சொல்லத்தாங்க வூட்டுக்கு வந்தேன். 'எறா வேணாம், போ போ'ன்னு கதவச் சாத்திட்டீங்க."

செம்பியன் தலை கவிழ்ந்தார். அவமானம் பிடுங்கித் தின்றது.

ராஜாமணி மெதுவாகக் கேட்டாள். "பறியில கல்லத் தூக்குனா எறாவ எதுலம்மா போடுவ? எங்களுக்காக எதுக்கு இவ்ளோ பாடு?"

இருசம்மாள் தண்ணீரில் நடந்து வந்து, படகின் விளிம்பைக் கையால் தடவிக் கொடுத்தாள்.

"பச்சைங்கக்கா."

"என்னது?"

"அந்தத் தாவணி. எங்கம்மா இன்னும் பொட்டியில பத்தரமா வச்சிருக்கு."